வியாழனுக்கு நாலு நிலா தெரிகிறது, வெளியே ஒன்றுகூட ஏன் சிக்கவில்லை?

தக்கலை_சார் | ஞாயிறு, இரவு 10.15

நேற்று எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு வியாழனைக் காட்டினேன். என்னிடம் இருப்பது பழைய 4 அங்குலத் தொலைநோக்கி. பக்கத்து வீட்டுத் தென்னை ஓலை மறைத்துக்கொண்டிருந்தது. வியாழன் அதைத் தாண்டி மேலே ஏறும்வரை எல்லோரும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரிச் சம்மந்தியும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நாலு நிலாவும் ஒரே கோட்டில் புள்ளி வைத்ததுபோல் தெரிந்தன. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நாலு.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "சார், வேறு நட்சத்திரத்தைச் சுற்றுகிற கோளுக்கும் நிலா இருக்கும்தானே? அதில் கடல் இருந்தால் உயிர் இருக்குமா?" "இருக்கலாம் மக்களே" என்று சமாளித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து படித்தேன். 1995இல் மேயரும் கெலோவும் 51 பெகாசி பி என்ற கோளை அறிவித்ததிலிருந்து இதுவரை 6,000க்கு மேல் புறக்கோள்கள், அதாவது வேறு நட்சத்திரங்களின் கோள்கள், உறுதியாகியிருக்கின்றன. அவற்றைச் சுற்றும் புறநிலா? உறுதியானது ஒன்றுகூட இல்லை. இங்கே சனிக்கு மட்டுமே 270க்கு மேல் நிலா இருக்கும்போது அங்கே ஏன் சுழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திங்கட்கிழமை அந்தப் பிள்ளை மறுபடி கேட்பாள்.

ஆரல்_காற்று | ஞாயிறு, இரவு 10.52

சின்னதாக இருக்கும், தெரியாது. அவ்வளவுதானே சார்?

தேன்கூடு | ஞாயிறு, இரவு 11.30

ஆரல் அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் எவ்வளவு சின்னது என்று பார்த்தால்தான் கஷ்டம் புரியும். (மார்த்தாண்டம் என் ஊர், இப்போது வெளியூரில் வானியற்பியல் படிக்கிறேன்.)

பெரும்பாலான புறக்கோள்களை நாம் நேரில் பார்ப்பதில்லை. கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது, அதை அளக்கிறோம். 2004 ஜூன் 8ஆம் தேதியும் 2012 ஜூன் 6ஆம் தேதியும் வெள்ளி சூரியனைக் கடந்ததே, அதே சங்கதி. வெளியிலிருந்து யாரோ நம் சூரியனைப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். வியாழன் கடந்தால் வெளிச்சம் 100இல் 1 பங்கு குறையும். பூமி கடந்தால் 1 லட்சத்தில் 8 பங்கு. வியாழனின் மிகப் பெரிய நிலாவான கேனிமீட் கடந்தால் 1 லட்சத்தில் ஒன்றரைப் பங்குகூட முழுசாக இல்லை. அந்தக் கேனிமீட் சின்னப் பயல் இல்லை. குறுக்களவு 5,268 கிலோமீட்டர், புதன் கோளைவிடப் பெரியது.

இதில் நட்சத்திரமும் சும்மா இருப்பதில்லை. கரும்புள்ளி வரும், மேற்பரப்பு கொதிக்கும், கருவி சூடாகிக் குளிரும். எல்லாமே 1 லட்சத்தில் சில பங்கு என்ற அளவிலேயே குழப்பம் பண்ணும்.

முட்டம்_மகன் | திங்கள், காலை 6.05

எங்கள் ஊர் வெளிச்சவீட்டு விளக்கில் ஈசல் மோதுவதைக் கடலுக்குள் நின்று எண்ணுகிற மாதிரி. அப்பாவிடம் சொன்னேன். "ஈசலை எண்ணினால் மீன் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆரல்_காற்று | திங்கள், காலை 7.20

என் வேலை காற்றாலையில். சாயங்கால வெயிலில் இறக்கையின் நிழல் எதிர்வீட்டுச் சுவரை வெட்டி வெட்டிப் போகும். ஆலையைப் பார்க்காமல் அந்தச் சுவரை மட்டும் பார்த்தே வேகத்தைச் சொல்லிவிடலாம். இறக்கையில் கோளாறு என்றால் நிழலின் தாளம் தவறும். அதனால் கேட்கிறேன் தங்கச்சி, வெளிச்சம் குறைகிற அளவை விடுங்கள், நேரத்தைப் பிடித்தால் என்ன? நிலா இருந்தால் கோள் கொஞ்சம் முன்னே பின்னே வரவேண்டுமே?

தேன்கூடு | திங்கள், காலை 8.10

அண்ணே, நீங்கள் இந்தத் துறைக்கு வந்திருக்க வேண்டிய ஆள். அதேதான்.

ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒருவர் ரோட்டில் போகிறார். ஆடு முன்னால் இழுத்தால் கொஞ்சம் சீக்கிரம் வருவார், பின்னால் இழுத்தால் தாமதம். ஆடு வேலிக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் அவர் நடையை வைத்து ஆடு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பூமியும் நிலாவும் சேர்ந்து சுற்றுகிற பொதுமையம் பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வகுத்தால் 150 விநாடிக்குச் சற்று மேல். அதாவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பூமியின் கடப்பு இரண்டரை நிமிடம் முன்னேயும் பின்னேயும் ஆடும். வியாழனுக்கும் கேனிமீட்டுக்கும் இதே கணக்கைப் போட்டால் 6 விநாடிதான் வருகிறது.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பக்கத்தில் இன்னொரு கோள் இருந்தாலும் இதே மாதிரி இழுக்கும். ஆடா, கூட வருகிற ஆளா என்று பிரிக்க வேண்டும். நிலா இருந்தால் கடக்கிற நேரம் மட்டும் மாறாது, கடந்து முடிக்க ஆகிற கால அளவும் மாறும். ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது நடுவில் இருக்கும். இதை 2009இல் டேவிட் கிப்பிங் என்ற வானியலாளர் எழுதிக் காட்டினார். பிற்பாடு, கடப்புகளை வைத்துக் கோள் தேடிய கெப்ளர் விண்கலத்தின் தரவில் நிலா தேடும் திட்டத்தை ஆரம்பித்தவரும் அவரே.

பழைய_ரேடியோ | திங்கள், மதியம் 1.40

கோட்டாறுக்காரன், ஓய்வு பெற்றவன், தட்டச்சு மெதுவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடப்பு நேரம் முன்னே பின்னே போவதை வைத்துப் பெரிய விஷயம் கண்டுபிடித்தது புதிது இல்லை. 1676இல் ஓலே ரோமர் வியாழனின் ஐயோ நிலா நிழலுக்குள் போய்வருகிற நேரத்தைக் குறித்துவைத்தார். பூமி வியாழனை நெருங்கும்போது சீக்கிரம், விலகும்போது தாமதம். ஒளி வந்துசேர நேரம் ஆகிறது என்று அதிலிருந்துதான் சொன்னார்.

நம் ஊர்ப் பங்கும் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, 1977 மார்ச் 10ஆம் தேதி அங்கே பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்த்தார்கள். கோள் வருவதற்கு முன்பே நட்சத்திரம் ஒருமுறை மங்கிவிட்டது. யுரேனஸின் புது நிலாவாக இருக்கும் என்று நினைத்தார்கள். கடைசியில் அது வளையம்! விமானத்தில் வைத்த தொலைநோக்கியிலிருந்து அமெரிக்காவின் எலியட் குழுவும் அதே இரவில் பார்த்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தது. பார்த்தது நிஜம், நிலா என்று நினைத்தது பிசகு. இப்போதைய நிலா வேட்டையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காவலூர்தான் ஞாபகம் வருகிறது.

தக்கலை_சார் | திங்கள், மாலை 5.30

ஐயா, இது எனக்குத் தெரியாது. நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன். அந்தப் பிள்ளை இன்று வரவில்லை, காய்ச்சலாம். எனக்கு ஒருநாள் தவணை.

தேன்கூடு, "நிலா கிடைத்துவிட்டது" என்று 2018இல் செய்தி வந்ததே, அது என்ன ஆயிற்று?

தேன்கூடு | திங்கள், இரவு 9.45

அது கெப்ளர்-1625பி. ஏறத்தாழ 8,000 ஒளியாண்டு தூரம். வியாழன் அளவுள்ள கோள், 287 நாளுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. கெப்ளர் தரவில் மூன்று கடப்புகள் இருந்தன. அதில் சந்தேகம் வந்து அலெக்ஸ் டீச்சியும் கிப்பிங்கும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் 40 மணி நேரம் கேட்டு வாங்கினார்கள். 2017 அக்டோபரில் பார்த்தார்கள். கோள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 78 நிமிடம் முன்னதாகவே வந்தது. அது போய் மூன்றரை மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் இன்னொரு சின்னப் பள்ளம். எசமான் பின்னால் நாய்க்குட்டி ஓடுகிற மாதிரி. அந்தப் பள்ளம் முடிவதற்குள் ஹபிளில் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது!

நிலா என்றால் அது நெப்டியூன் அளவுள்ள நிலா. நிலாவே நம் பூமியைவிடப் பல மடங்கு பெரிது. 2019இல் லாரா கிரைட்பெர்க் குழு அதே ஹபிள் தரவை எடுத்து வேறு முறையில் சுத்தம் செய்து பார்த்தது. பள்ளம் காணவில்லை. ரெனே ஹெல்லர் குழுவும் வேறொரு கோள் இழுத்தாலும் இந்த நேர மாற்றம் வரலாம் என்றது.

2022இல் அடுத்தது, கெப்ளர்-1708பி. கிப்பிங் குழு 70 பெரிய குளிர்ந்த கோள்களைச் சலித்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான். நிலா பூமியைப்போல் 2.6 மடங்கு அகலம் என்றார்கள். கோள் சுற்ற 737 நாள் ஆகிறது, கெப்ளர் நாலு வருடத்தில் பார்த்ததோ இரண்டே கடப்பு. 2023இல் ஹெல்லரும் ஹிப்கேயும் இரண்டு கோள்களுக்கும் நிலா இருக்க வாய்ப்பு குறைவு என்று எழுதினார்கள். கிப்பிங் தரப்பு மறுத்தது. ஒரே வரைபடம்தான், இரண்டு கூட்டத்துக்கு இரண்டு விதமாகத் தெரிகிறது.

என் கருத்தைக் கேட்டால், கிப்பிங் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது. 2018 கட்டுரையிலும் அவர்கள் "நிலா கிடைத்தது" என்று அடித்துச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னது தலைப்புச் செய்திகள்.

குளச்சல்_குரல் | திங்கள், இரவு 10.20

எல்லாம் படித்தேன். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். 2017 நவம்பர் 30, ஒக்கி. எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும். புயல் வருகிறது என்று கடலுக்குள் இருந்தவனுக்கு யாரும் நேரத்தில் சொல்லவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் ஹபிள் 8,000 ஒளியாண்டு தூரத்து நிலாவுக்கு 40 மணி நேரம் கொடுத்ததா? நல்ல வேடிக்கை.

ஆரல்_காற்று | திங்கள், இரவு 10.41

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் அண்ணே? அந்தத் தொலைநோக்கியை இந்தப் பக்கம் திருப்பினால் புயல் தெரியுமா?

குளச்சல்_குரல் | திங்கள், இரவு 10.44

சம்பந்தம் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

பழைய_ரேடியோ | செவ்வாய், காலை 9.30

குளச்சல் தம்பி கேட்டதைத் தட்டிவிட வேண்டாம். எனக்கும் முழுப் பதில் தெரியாது. பாதி சொல்கிறேன்.

நடுக்கடலில் நிற்பவனுக்குத் தான் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று தெரிய ஒரு பொதுக் கடிகாரம் வேண்டும். அந்தக் காலத்தில் கப்பலில் ஒழுங்காக ஓடும் கடிகாரம் கிடையாது. வியாழனின் நிலாக்கள் மறைகிற நேரம் உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றே என்பதால், அதையே கடிகாரமாக வைக்கலாம் என்றவர் கலிலியோ. 1668இல் காசினி அதற்குக் கால அட்டவணை போட்டார். ரோமர் ஐயோவை அவ்வளவு கவனமாகப் பார்த்ததும் இந்த வேலையின் தொடர்ச்சிதான். ஆடுகிற கப்பலில் தொலைநோக்கியைப் பிடித்து நிறுத்த முடியாததால் கடலில் அது உதவவில்லை. கரையில் உதவியது. பிரான்ஸ் தன் கடற்கரையை அந்த முறையில் அளந்து வரைபடத்தையே திருத்தியது. ஆகவே வேற்றுக் கோளின் நிலாவுக்கும் கடலுக்குப் போகிறவனுக்கும் ஒரு காலத்தில் நேரடிக் கணக்கு இருந்தது.

ஒக்கிக்கு இது பதில் இல்லை, தெரியும்.

குளச்சல்_குரல் | செவ்வாய், மதியம் 12.15

பதில் இல்லை என்று சொன்னதற்கு நன்றி ஐயா. சரி, மேலே பேசுங்கள், படிக்கிறேன்.

முட்டம்_மகன் | செவ்வாய், மாலை 6.50

பிள்ளையின் கேள்வியில் பாதி அப்படியே கிடக்கிறது. கடல் இருந்தால் உயிர் இருக்குமா? நட்சத்திரத்துக்குச் சரியான தூரத்தில் பெரிய கோள் இருந்து, அதற்கு நிலா இருந்தால் போதாதா?

தேன்கூடு | செவ்வாய், இரவு 9.00

அப்படிப்பட்ட கோள்கள் உண்டு. எச்டி 28185 என்ற சூரியன் மாதிரி நட்சத்திரத்தை ஒரு ராட்சதக் கோள் சுமார் 385 நாளில் சுற்றுகிறது. நம் வருடத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கோளில் நிற்கத் தரை இல்லை, எல்லாம் வாயு. நிலா இருந்தால் அதில் தரை இருக்கும்.

ஆனால் நிலாவுக்கு எடை வேண்டும். காற்றைக் கோடிக்கணக்கான ஆண்டு பிடித்துவைக்கப் பூமியின் எடையில் எட்டில் ஒரு பங்காவது தேவை என்று 1997இல் வில்லியம்ஸ், காஸ்டிங், வேட் மூவரும் கணக்கிட்டார்கள். செவ்வாய்க்கு அதுகூட இல்லை, அதன் காற்று போனது நமக்குத் தெரிந்ததே. வியாழன், சனி இரண்டிலும் நிலாக்கள் எல்லாம் சேர்ந்து கோளின் எடையில் சுமார் 10,000இல் 1 பங்குதான். கோளைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டுபோல் சுழலும் வட்டிலில் நிலா உருவாகும்போதே உள்ளே இழுபட்டு விழுந்துவிடுவதால் அதற்கு மேல் மிஞ்சுவதில்லை என்று கானப்பும் வார்டும் 2006இல் விளக்கினார்கள். வியாழன் 318 பூமி எடை. 10,000இல் 1 பங்கு என்றால் 0.03 பூமி. போதாது. வியாழனைப்போல் நாலு மடங்காவது எடையுள்ள கோள் வேண்டும், அந்த எடை முழுவதும் ஒரே நிலாவுக்குப் போயிருக்க வேண்டும். எச்டி 28185இன் கோள் ஐந்து மடங்குக்கு மேல், அதனால்தான் அந்தப் பெயரைச் சொன்னேன். அதற்கு நிலா இருப்பதாக யாரும் காட்டவில்லை.

வேறு வழிகளும் உண்டு. நம் நிலா வட்டிலில் பிறக்கவில்லை, மோதலில் பிறந்தது. பூமியின் எடையில் 81இல் 1 பங்கு. நெப்டியூனின் டிரைட்டன் வெளியிலிருந்து வந்து மாட்டிக்கொண்டது. விதி என்று எழுதிவைத்தால் நம் வீட்டு வாசலிலேயே விலக்கு நிற்கிறது.

நட்சத்திரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற கோளுக்கு நிலா தங்காது. நட்சத்திரமே பிடுங்கிவிடும். புதனுக்கும் வெள்ளிக்கும் நிலா இல்லை பாருங்கள். நமக்குச் சுலபமாகக் கிடைப்பதோ அந்தப் பக்கத்துக் கோள்கள்தான். வருடத்துக்கு ஒருமுறை கடப்பவற்றில்தான் நிலா தங்க வாய்ப்பு, அவற்றைத்தான் இரண்டு மூன்று தடவைக்கு மேல் பார்க்க முடிவதில்லை. சார் கேட்ட கேள்விக்கு என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான பதில். அளவெல்லாம் அப்புறம்தான்.

ஆரல்_காற்று | செவ்வாய், இரவு 9.35

அப்படியானால் சரியான தூரத்தைவிட்டு விலகி, குளிரில் இருக்கிற நிலாக்கள்?

தேன்கூடு | செவ்வாய், இரவு 10.10

ஐயோவைப் பாருங்கள். ஐயோ 1 சுற்று சுற்றினால் அடுத்த நிலாவான யூரோப்பா அரைச் சுற்று, கேனிமீட் கால் சுற்று. இந்தத் தாளத்தால் ஐயோவின் பாதை முழு வட்டமாக முடியாமல், வியாழன் அதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. பரோட்டா மாவு பிசையப் பிசையச் சூடேறுவதுபோல. 1979 மார்ச் 2ஆம் தேதி பீல், காசென், ரெனால்ட்ஸ் மூவரும் உள்ளே உருகியிருக்கும் என்று எழுதியது அச்சானது. மூன்று நாளில் வாயேஜர் 1 விண்கலம் அங்கே போயிற்று, மார்ச் 8இல் அது எடுத்த படத்தில் மறுநாள் லிண்டா மொரபிட்டோ எரிமலைப் புகையைப் பார்த்தார். யூரோப்பாவில் அதே சூடு மிதமாக இருப்பதால் பனிக்கு அடியில் கடல் இருப்பதாக நம்புகிறார்கள். அதைப் பார்க்கத்தான் 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் கிளம்பியது.

எனவே சூரிய வெளிச்சமே படாத கடலும் உண்டு. ஆனால் பனிக்கு அடியில் இருப்பதை வேறு நட்சத்திரத்திலிருந்து எப்படிப் பார்ப்பது? ஒரு குறுக்கு வழி: எரிமலை நிலா சோடியத்தைக் கக்கும். வாஸ்ப்-49பி என்ற கோளுக்கு அருகே, கோளோடு ஒட்டாமல் தன்பாட்டுக்கு நகர்கிற சோடிய மேகம் ஒன்றை அபூர்வா ஓசா குழு 2024இல் அறிவித்தது. 635 ஒளியாண்டு தூரம். அதில் நிலா இருந்தாலும் கொதிக்கிற இடம், உயிருக்கு ஆகாது. கோள் 2.8 நாளில் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிலா தங்காது என்று மேலே சொன்னேனே, அதற்கும் இது உதைக்கிறது.

முட்டம்_மகன் | புதன், காலை 5.50

சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அந்த நிலாவில் நின்றால் கோள் எப்படித் தெரியும்?

தேன்கூடு | புதன், காலை 8.30

அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. பெரிய நிலாக்கள் எப்போதும் ஒரே முகத்தைத்தான் கோளுக்குக் காட்டும், நம் நிலா மாதிரியே. கேனிமீட்டில் நின்றால் வியாழன் நம் முழுநிலாவைவிடப் பதினைந்து மடங்கு அகலத்தில் வானத்தில் ஒரே இடத்தில் தொங்கும். தேய்ந்து வளரும், நகராது. நிலாவின் மறுபாதியில் பிறந்தவன் ஆயுசுக்கும் அதைப் பார்க்க மாட்டான்.

ஆரல்_காற்று | புதன், காலை 8.44

அப்படியானால் மறுபாதிக்காரன் குடும்பத்தோடு வண்டி பிடித்து வருவான். எல்லைக்கோட்டில் சங்கு மாலை விற்கிற கடையும் இருக்கும்.

முட்டம்_மகன் | புதன், மாலை 7.10

அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது: "கோள் நகராவிட்டால் அங்கே கடல் ஏறி இறங்குமா?"

தேன்கூடு | புதன், இரவு 8.20

அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். கோள் இழுக்கிற ஏற்றம் ஒரே இடத்தில் மேடுகட்டி நின்றுவிடும். நிலாவின் பாதை சற்று நீள்வட்டமாக இருந்தால் அந்த மேடு கொஞ்சம் கூடிக் குறையும். மற்றபடி நட்சத்திரம் இழுக்கிற சின்ன ஏற்றம் மட்டும்தான் வந்துபோகும்.

குளச்சல்_குரல் | புதன், இரவு 8.33

அப்படிப்பட்ட கடலில் கரைமடி வலை இழுப்பது லேசு.

ஆரல்_காற்று | வியாழன், இரவு 11.20

கெப்ளர் தரவு யாரும் எடுக்கலாம் என்று தெரிந்ததும் 1625இன் மூன்று கடப்புகளையும் இறக்கி எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை, வெறும் புள்ளி மழை. இரண்டாவது தடவையும் இல்லை. சராசரி எடுக்கிற இடைவெளியைக் கொஞ்சம் மாற்றினேன், பெரிய பள்ளத்துக்கு இடதுபக்கம் சின்னதாக ஒன்று தெரிந்தது. ஒரு நிமிடம் நெஞ்சு படபடத்தது. மறுபடி இடைவெளியை மாற்றினேன், வலதுபக்கம் போய்விட்டது.

பழைய_ரேடியோ | வெள்ளி, காலை 9.05

காவலூருக்கு நல்வரவு தம்பி.

தக்கலை_சார் | வெள்ளி, மாலை 4.40

அந்தப் பிள்ளை இன்று வந்தாள். "இருக்கலாம்" என்று நான் சொன்னதைத் திருத்தி, இதுவரை பார்த்தவர் இல்லை, ஏன் பார்க்க முடியவில்லை என்று ஆட்டுக்கதையோடு சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படியானால் கெப்ளர் மாதிரி இன்னொன்றை அனுப்பி நாலு வருடத்துக்குப் பதில் பத்து வருடம் பார்க்க வேண்டியதுதானே சார்?" என்றாள். ஐரோப்பியர்கள் 26 கேமராக்களோடு பிளாட்டோ என்று ஒன்றைத் தயார் செய்கிறார்கள் என்பதைச் சொன்னேன். பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நாளை வானம் தெளிவாக இருந்தால் மறுபடி மாடியில். ஆரல், உங்கள் மடிக்கணினியையும் அந்த எக்செல்லையும் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் இடைவெளியை மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். குளச்சல் அண்ணனும் வரலாம். கிழங்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஓலையை வெட்டச் சம்மதித்துவிட்டார்.